அலமாரிக்குள் கிடந்த ரோமாபுரி!
மண்ணுக்கு வயது சொன்ன வீலர் கதை

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, சூளகிரிப் பக்கம், மல்லச்சந்திரம் என்று ஓர் ஊர். அங்கே பாறைக் குன்றின் மேல் சின்னச் சின்ன கல்வீடுகள் இருக்கின்றன. நாலு பக்கமும் கற்பலகை. மேலே கூரையாக ஒரு கனத்த பலகை. ஒரு பக்கத்தில் மட்டும் வட்டமாக ஒரு துளை.

யார் கட்டிய வீடு இது? பாண்டவர் வனவாசத்தில் தங்கிய வீடு என்பார்கள் சிலர். குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடு என்பார்கள் சிலர். உண்மையில் இவை செத்துப்போனவர்களுக்காக எழுப்பிய கல் சின்னங்கள். கற்திட்டை என்று பெயர். இப்படிப்பட்ட கற்திட்டைகளும் கல்வட்டங்களும் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஆயிரக்கணக்கில் உண்டு.

சரி, இவற்றின் வயது என்ன? 1945 வரை இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் சொல்ல ஆளில்லை. ஆயிரம் வருஷம் என்றாலும் மறுக்க முடியாது. ஐயாயிரம் என்றாலும் மறுக்க முடியாது.

தென்னாட்டு மண்ணுக்கு முதன் முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டு வயது சொன்னவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் மார்ட்டிமர் வீலர். அந்தக் கணக்கை அவர் கற்றுக்கொண்டது ரோமாபுரிக்காரர்களின் பாழடைந்த ஊர்களில்.

அப்பா கொடுத்த பள்ளிக்கூடம்

1890ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் வீலர் பிறந்தார். தகப்பனார் பத்திரிகைக்காரர். பெரிய சொத்து இல்லை, புத்தகங்கள் உண்டு. பையனுக்குப் பதினைந்து வயதாகும் சமயம் குடும்பம் லண்டனுக்கு வந்தது. அங்கே தகப்பனார் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. ஊர் முழுக்க அருங்காட்சியகம் இருக்கிறது, நீயே போய்ப் பார்த்துப் படித்துக்கொள் என்று விட்டுவிட்டார். எல்லாப் பிள்ளைக்கும் இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. வீலருக்கு ஒத்துக்கொண்டது.

பிறகு உபகாரச் சம்பளம் பெற்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் படித்தார். 1912இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1913இல் பழம்பொருள் ஆராய்ச்சிக்காக ஓர் உதவித்தொகை கிடைத்தது. தொகை சிறியது. கிரீட் தீவைத் தோண்டிப் புகழ்பெற்ற ஆர்தர் எவன்ஸ் என்ற அறிஞர் தம் கைப்பணத்தைப் போட்டு அதை இரண்டு மடங்காக்கினார். அந்தப் பணத்தில் வீலர் ஜெர்மனிக்குப் போய் ரைன் ஆற்றங்கரையில் ரோமானியர் விட்டுப்போன பானை சட்டிகளை ஆராய்ந்தார்.

பானை ஓட்டை ஆராய ஒரு படிப்பா என்று கேட்கலாம். துணி மக்கிப்போகும். மரம் செல்லரிக்கும். தங்கத்தை உருக்கிவிடுவார்கள். உடைந்த ஓட்டை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அது விழுந்த இடத்திலேயே கிடக்கும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பாண்டி விளையாடும் ஓட்டாஞ்சில்லு, மண் ஆராய்ச்சிக்காரருக்கு நாட்காட்டி!

வெந்நீர்க் கூடத்துச் சுவர்

அதே 1913இல் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் ராக்ஸிட்டர் என்ற ஊரில் அகழாய்வு நடந்தது. வீலரும் கூடப் போனார். ரோமானியர் இங்கிலாந்தை ஆண்டபோது அது பெரிய நகரம். இப்போது வயல்வெளி. அந்த வெளியில் ஒரே ஒரு சுவர் மட்டும் மூன்று ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிறது. ரோமானியர் கட்டிய பொதுக் குளியல் கூடத்தின் சுவர் அது.

ரோமானியர் குளியல் நம் ஊர் ஆற்றுக் குளியல் போன்றதல்ல. முதலில் உடற்பயிற்சிக் கூடம். ராக்ஸிட்டரில் அதுவே ஒரு கல்யாண மண்டபத்தைவிடப் பெரிது. பிறகு குளிர்ந்த அறை. அடுத்து இளஞ்சூடான அறை. கடைசியில் வியர்த்துக் கொட்டும் வெந்நீர் அறை. உடம்பில் எண்ணெய் தேய்த்து, வளைந்த தகட்டால் அழுக்கை வழிப்பார்கள். அரப்பும் சீயக்காயும் அவர்களுக்குத் தெரியாது.

அறையைச் சூடாக்கிய விதம்தான் வியப்பு. தரைக்கு அடியில் வரிசை வரிசையாகக் குட்டைத் தூண்கள். அவற்றின் மேல் தளம். வெளியே ஓர் அடுப்பு எரியும். அதன் அனல் தூண்களுக்கு நடுவே புகுந்து தளத்தைச் சூடாக்கும். பிறகு சுவருக்குள் வைத்த குழாய் வழியாக மேலே போகும். அனல் கண்ணில் படாது. கால் மட்டும் உணரும். ராக்ஸிட்டர் கூடம் கி.பி. 150ஐ ஒட்டிக் கட்டி முடிந்தது. ரோமானியர் போன பிறகு அக்கம்பக்கத்தார் அந்த நகரத்துக் கல்லைப் பெயர்த்துத் தங்கள் கட்டடங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த வழக்கம் எந்த நாட்டிலும் உண்டு.

ராக்ஸிட்டரில் வீலருடன் வேலை செய்த கல்லூரி மாணவர்கள், அவரையும் சேர்த்து, ஐந்து பேர். அடுத்த வருஷமே முதல் உலக யுத்தம் மூண்டது. யுத்தம் முடிந்தபோது ஐந்து பேரில் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். அவர் வீலர்.

அவர் சும்மா ஒதுங்கிப் பிழைத்தவரல்ல. பீரங்கிப் படையில் இருந்தார். 1917இல் பாஷண்டேல் சேற்றுப் போரில் நின்றார். வீரப்பதக்கம் பெற்றார். ஆனால், தன் வயதுக்காரர் அத்தனை பேரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள் என்ற நினைப்பு அவரை விடவே இல்லை. செத்த நாலு பேர் வேலையையும் சேர்த்துச் செய்தார். புதிதாக நூறு பேரைத் தயார் செய்யவேண்டும் என்று பறந்தார். அவரது அவசரமும் முன்கோபமும் பலரை வாட்டியது உண்மை. அந்த அவசரத்தின் வேர் இங்கேதான் இருந்தது.

டெஸ்ஸா

1914இல் வீலர் டெஸ்ஸா என்ற பெண்ணை மணந்தார். கல்லூரித் தோழி. இருவரும் சேர்ந்தே தோண்டினார்கள். வேல்ஸ் நாட்டில் ரோமானியக் கோட்டைகள், கேர்லியன் என்ற ஊரில் வட்ட அரங்கம், 1930 முதல் வெருலாமியம் என்ற ரோமானிய நகரம். வெளியே பேசிப் புகழ் வாங்கியவர் வீலர். குழிக்குப் பக்கத்தில் நின்று, கூலி கணக்குப் பார்த்து, மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, கிடைத்ததை எழுதி வைத்தவர் டெஸ்ஸா. வீலர் முறை என்று உலகம் சொல்வதில் பாதி அந்த அம்மாளுடையது.

அந்த முறைதான் என்ன? முன்பெல்லாம் புதையல் எடுப்பதுபோல் தோண்டினார்கள். நல்ல சிலை வந்தால் எடுத்துக்கொள்வார்கள். மண்ணைக் கொட்டிவிடுவார்கள். வீலர் தம்பதி நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்தார்கள். நெல்வயலில் வரப்பு விடுவதுபோல் சதுரங்களுக்கு நடுவே தோண்டாமல் மண் விட்டார்கள். அந்த வரப்பின் பக்கச் சுவரில் மண்ணின் அடுக்கு அத்தனையும் தெரியும். மேலே இருப்பது பிந்தியது. கீழே இருப்பது முந்தியது. ஒவ்வோர் அடுக்குக்கும் சீட்டுக் கட்டி, எந்த ஓடு எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்தார்கள். ஓடு முக்கியமல்ல, அது கிடந்த இடம்தான் முக்கியம்!

வேலையில் இணைந்த அளவு வீட்டில் இணையவில்லை. வீலர் மனைவிக்கு உண்மையான கணவராக இருக்கவில்லை. டெஸ்ஸா அதைப் பொறுத்துக்கொண்டு உழைத்தார். 1936இல் வீலர் வெளிநாடு போயிருந்தபோது டெஸ்ஸா இறந்துபோனார். வீடு திரும்பும் வழியில், செய்தித்தாளைப் பார்த்துத்தான் மனைவி செத்த சேதி வீலருக்குத் தெரிந்தது. இருவரும் சேர்ந்து கனவு கண்ட தொல்பொருள் கல்விக்கூடம் மறு வருஷம் லண்டனில் திறந்தது. பார்க்க அந்த அம்மாள் இல்லை.

யுத்தகளத்தில் ஓர் அழைப்பு

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஐம்பது வயதை நெருங்கியவர் மறுபடி பட்டாளத்தில் சேர்ந்தார். எல் அலமீன் போரில் இருந்தார். 1943இல் படை லிபியாவுக்குள் நுழைந்தது. அங்கே கடலோரம் லெப்டிஸ் மாக்னா என்ற ரோமானிய நகரம் மணலுக்கு நடுவே நிற்கிறது. ஹேட்ரியன் சக்கரவர்த்தி காலத்துப் பளிங்குக் குளியல் கூடம் அங்கே உண்டு. ராக்ஸிட்டரில் வெறும் சுவராகப் பார்த்தது இங்கே தூணும் தொட்டியுமாக இருந்தது.

வீலர் போய்ப் பார்த்தபோது விமானப்படைக்காரர்கள் அந்த இடிபாட்டுக்குள்ளேயே ரேடார் நிலையம் அமைத்துக்கொண்டிருந்தார்கள்! ராணுவ நிர்வாகத்திடம் ஓடினார். பழைய நகரத்தைக் காக்க ஏற்பாடு செய்யவைத்தார். தம்முடன் பட்டாளத்தில் இருந்த ஆராய்ச்சியாளர் ஒருவரையே அந்தக் காவல் வேலையில் போடச் செய்தார்.

அதே ஆண்டு இத்தாலி மீது படையெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த சமயம் லண்டனிலிருந்து அழைப்பு. இந்தியாவின் தொல்பொருள் இலாகாவுக்குத் தலைவராக வரமுடியுமா? சாலெர்னோ கடற்கரைப் போர் முடிந்த பிறகே வருவேன் என்றார். 1944இல் இந்தியா வந்து சேர்ந்தார். வயது 53.

வந்தவர் சூறாவளியாகச் சுழன்றார். தட்சசீலத்தில் பயிற்சி முகாம் போட்டு இந்தியா முழுவதிலிருந்தும் மாணவர்களை வரவழைத்தார். பொழுது விடியுமுன் குழிக்குள் நிற்கவேண்டும். பி.பி. லால் போன்ற பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் அங்கே பாடம் கற்றவர்கள்.

செத்த காலேஜில்

அதே 1944இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வீலர் வந்தார். செத்த காலேஜ் என்று சென்னைவாசிகள் அதை அழைப்பார்கள். செத்த காலேஜில் உயிருள்ள பொருள் ஒன்று அகப்பட்டது!

அங்கே ஓர் அலமாரிக்குள் கைவிட்டார். நீண்ட கைப்பிடியோடு ஒரு சாடியின் உடைந்த கழுத்து வந்தது. வீலர் திகைத்தார். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயினும் எண்ணெயும் நிரப்பிக் கப்பலில் ஏற்றும் சாடி அது. இருபது வருஷம் அவர் கையில் புரண்ட சாமான். சென்னையில் அது எப்படி வந்தது? புதுச்சேரியிலிருந்து என்றார்கள். வீலர் உடனே புதுச்சேரிக்குக் கிளம்பினார். அது அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது.

அங்கே நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிகளில் இன்னும் பல சாடித் துண்டுகள் இருந்தன. அவற்றோடு பளபளக்கும் சிவப்பு ஓடுகளும் இருந்தன. இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊர்ச் சூளையில் வெந்தவை அவை. கி.பி. 50ஐ ஒட்டி அந்த வகைச் சாமான் செய்வதே நின்றுவிட்டது. ஆகவே அந்தச் சிவப்பு ஓடு எந்த மண்ணடுக்கில் கிடக்கிறதோ, அந்த அடுக்கின் வயதும் ஏறக்குறைய அதுதான்!

இதை வீலர் கண்டுபிடித்ததாகச் சொல்வது வழக்கம். அவரும் ரசித்து ரசித்து அப்படித்தான் எழுதினார். ஆனால் அவருக்கு முன்னாலேயே அரிக்கமேட்டுப் பிள்ளைகள் மழை பெய்தால் மண்ணில் மணி பொறுக்கினார்கள். 1937இல் அந்தப் பிள்ளைகளிடமிருந்து ழுவோ துப்ரேல் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் ஒரு சின்னக் கல் வாங்கினார். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் தலை செதுக்கியது என்று கருதப்பட்ட கல் அது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தோண்டவும் செய்தார்கள். வீலருக்கு உரிய பெருமை வேறு. மற்றவர்கள் கண்டது பொருளை. அவர் கண்டது கடிகாரத்தை.

மேட்டில் மூன்று மாதம்

அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1945இல் கோடை வெயிலில் வீலர் அங்கே மாணவர்களோடு இறங்கினார். சதுரம் வெட்டினார்கள். கீழே போகப் போகத் தண்ணீர் ஊறியது. இறைத்து இறைத்துத் தோண்டினார்கள்.

ஆற்றோரம் நீண்ட கிட்டங்கி ஒன்றின் அடித்தளம் வந்தது. இன்னொரு பக்கம் செங்கல் தொட்டிகளும் கால்வாய்களும் வந்தன. ரோமானியர் ஊர் என்றால் குளியல் கூடம்தான் என்று ஒரு சாதாரண ஆள் முடிவு கட்டியிருப்பார். வீலர் கட்டவில்லை. அடியில் அனல் போகும் தூண் எங்கே? அடுப்பு எங்கே? இவை துணிக்குச் சாயம் தோய்க்கும் தொட்டிகள் என்றார். சோழ நாட்டு மெல்லிய துணி ரோமாபுரிக்குப் போனதற்கு அந்தத் தொட்டிகள் சாட்சி என்பது அவர் கருத்து. பழைய கிரேக்கக் கடல்வழி நூல் சொல்லும் பொதுகே துறைமுகம் இதுவே என்றும் தீர்மானித்தார். தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் அதே மண்ணில் கிடைத்தன.

சிவப்பு ஓட்டோடு இன்னொரு வகைத் தட்டும் வந்தது. அதன் உட்புறம் நடுவில் புள்ளிக் கோடு வட்ட வட்டமாக ஓடும். இந்தப் புள்ளித் தட்டு அரிக்கமேட்டில் மட்டுமல்ல, வேறு இடங்களிலும் கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு வீலர் மேற்கே போனார்.

1947இல் கர்நாடகத்தில் சித்ரதுர்க்கா ஜில்லா, பிரம்மகிரி. அங்கே ஊர் மண்ணும் இருக்கிறது, கல்வட்டங்களும் இருக்கின்றன. தோண்டினார். மேல் அடுக்கில் புள்ளித் தட்டு. அதற்குக் கீழே கல்வட்டக்காரர்களின் கருப்பு சிவப்புப் பானை. அதற்கும் கீழே கல் கோடரி. புள்ளித் தட்டின் காலம் அரிக்கமேட்டில் தெரிந்துவிட்டது. அதை வைத்துக் கீழே எண்ணினார். கல்வட்டம் கட்டியவர்கள் கி.மு. 200ஐ ஒட்டி வந்தவர்கள் என்றார். ஓசூர், கிருஷ்ணகிரிக் குன்றுகளில் இருக்கும் பாண்டவர் வீட்டுக்கும் அப்போதுதான் ஏட்டில் ஒரு வருஷம் கிடைத்தது.

தப்பிய கணக்கு

அந்த வருஷம் நிலைக்கவில்லை. வீலர் முறை சரி, கணக்கு தவறு. ரோமானியக் கப்பல் வந்த பிறகுதான் தென்னாட்டில் ஊர் எழுந்தது என்பதுபோல அவர் எண்ணிவிட்டார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் அரிக்கமேட்டில் மறுபடி தோண்டினார்கள். ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே தமிழர் ஊர் இருந்தது தெரிந்தது. புள்ளித் தட்டும் இந்திய மண்ணில் வனைந்தது என்று மண் சோதனை காட்டியது.

கிருஷ்ணகிரி மாவட்டம் இதைவிடப் பெரிய அடி கொடுத்தது. பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த இரும்பின் காலத்தைக் கரிமச் சோதனைக்கு அனுப்பினார்கள். கி.மு. 2172 என்று விடை வந்தது! 2022 மே மாதம் சட்டசபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதை அறிவித்தார். வீலர் சொன்ன கி.மு. 200 எங்கே, இது எங்கே! மயிலாடும்பாறையிலும் சதுரம் வெட்டி, வரப்பு விட்டுத்தான் தோண்டினார்கள்.

சிந்துவெளியிலும் அவர் ஒரு பெரிய தவறு செய்தார். மொகஞ்சதாரோவில் கிடந்த எலும்புக்கூடுகளைப் பார்த்து, ஆரியர் புகுந்து வெட்டிச் சாய்த்தார்கள் என்று எழுதிவிட்டார். பிற்காலத்தார் ஆராய்ந்தபோது அத்தனை பேரும் ஒரே நாளில் செத்தவர்களே அல்ல என்று தெரிந்தது. ஒரு வரிப் பேச்சில் சொல்லக்கூடிய கதை என்றால் வீலருக்கு ஆசை அதிகம்.

மறுபடி ஒரு குளியல் கூடம்

1948இல் இந்தியப் பதவி முடிந்தது. பிறகு பாகிஸ்தான் அரசாங்கம் ஆலோசகராக அழைத்தது. 1950இல் மொகஞ்சதாரோவில் தோண்டினார். உலகத்தின் மிகப் பழைய பொதுக் குளியல் குளம் அங்கேதான் இருக்கிறது. சுமார் 39 அடி நீளம், 23 அடி அகலம், 8 அடி ஆழம். தண்ணீர் கசியாமல் கீல் பூசியது. ரோமாபுரிக்கு இரண்டாயிரம் வருஷம் மூத்தது!

அதற்குப் பக்கத்தில் 27 செங்கல் மேடைகள், நடுவே சந்துகள். முன்பு அதைத் தோண்டிய மார்ஷல், ரோமானியர் முறையில் அடியில் அனல் ஓடிய வெந்நீர்க் கூடம் என்று எண்ணினார். உண்மையான வெந்நீர்க் கூடங்களைப் பார்த்த வீலர் மறுத்தார். சந்துகள் காற்று ஓட்டத்துக்கு. மேலே தானியம் கொட்டிய களஞ்சியம் என்றார். இதையும் இப்போது பலர் ஒப்புவதில்லை. தானியம் ஒரு மணிகூடக் காட்டமுடியவில்லையே என்கிறார்கள்.

1952இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி ஆரம்பமானது. அருங்காட்சியகத்துப் பொருள் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். என்ன பொருள், எந்த நாடு, எந்தக் காலம் என்று அறிஞர்கள் சொல்லவேண்டும். பெரிய மீசையை முறுக்கிக்கொண்டு வீலர் சொல்லும் அழகைப் பார்க்க ஜனங்கள் காத்திருந்தார்கள். 1954இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியின் சிறந்த மனிதர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னை அலமாரியில் கைவிட்டபோது செய்ததையே அவர் அங்கேயும் செய்தார்!

1976 ஜூலை 22ஆம் தேதி வீலர் காலமானார். அரிக்கமேட்டில் தோண்டிய குழிகள் எப்போதோ மூடிவிட்டன. மேலே புல்லும் மரமும் வளர்ந்துவிட்டன. ஆற்றோரம் பிற்காலத்து மடக் கட்டடம் ஒன்றின் இடிந்த சுவர்கள் மட்டும் கண்ணில் படும். அங்கே எடுத்த சாடித் துண்டுகளையும் மணிகளையும் பார்க்க விரும்புகிறவர்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும்.